யார் கணக்கில் எழுதுவது?

மேஜை மேல் ஒரு டிஷ்யூ பேப்பர் டப்பா. பக்கத்தில் மூடி போட்ட தண்ணீர் டம்ளர். அறைக்கு வெளியே, சும்மா நிற்பதுபோல் ஒரு செக்யூரிட்டி. இந்த மூன்றும் தயாரா என்று பார்ப்பதுதான் அன்று காலை அந்தப் பெண்ணுக்கு முதல் வேலை.

2009 ஜனவரி. அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் கவிழ்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அங்கே விழுந்த இடி, இங்கே பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களை உலுக்கிக்கொண்டிருந்த நேரம். என்னோடு பி.காம். படித்த நண்பனின் தங்கை அப்படியொரு கட்டடத்தில் ஹெச்.ஆர். பிரிவில் இருந்தாள். எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு, 'நாலு பேருக்கு நல்லது செய்யலாம்' என்று வேலைக்குச் சேர்ந்தவள்.

அன்றைக்கு அவள் கையில் கொடுக்கப்பட்ட பட்டியலில் பதினோரு பெயர்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிடம். பேசும்போது 'ஸாரி' சொல்லக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு. சொன்னால் தப்பு கம்பெனி பக்கம் என்று ஆகிவிடுமாம்! பட்டியலின் கடைசிக் கட்டத்துக்கு 'காரணம்' என்று தலைப்பு. பதினோரு பேருக்கும் அங்கே ஒரே வாசகம்: 'செயல்திறன் போதவில்லை.'

அன்று இரவு நண்பன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் முன்னால் தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருந்தது.

"அதுல ஒருத்தருக்கு மூணு மாசம் முன்னாடி சிறந்த ஊழியர்னு கேடயம் குடுத்ததே நான்தாண்ணா. இன்னிக்கு அதே கையால லெட்டர் குடுத்தேன். அவர் ஒண்ணுமே பேசலை. 'காரணம் இதுதானாம்மா?'ன்னு மட்டும் கேட்டார்."

கொஞ்ச நேரம் கழித்து அவளே தொடர்ந்தாள். "இந்த ஹெச்.ஆர். வேலைங்கறதை யாருண்ணா முதல்ல கண்டுபிடிச்சது? அந்த ஆள் மட்டும் கையில கெடச்சா..."

கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் பத்திரிகைக்காரனுக்கு அப்படியே விட மனசு வருமா? தேட ஆரம்பித்தேன். தேடியதில், இந்த வேலைக்கு ஒரு அம்மாவும் ஒரு அப்பாவும் இருப்பது தெரிந்தது. இரண்டு பேருக்கும் ஒத்தே போகாது!

அம்மா பிறந்த ஊர், இங்கிலாந்தின் யார்க் நகரம். அங்கே ரவுன்ட்ரீ என்ற சாக்லேட் கம்பெனி. ஏராளமான இளம்பெண்கள் வேலை பார்த்த இடம். அவர்களுடைய உடம்பு, சாப்பாடு, கஷ்டநஷ்டங்களைக் கவனித்துக்கொள்ள 1896ல் மேரி உட் என்ற பெண்மணியை நியமித்தார்கள். நலப் பணியாளர் என்று பதவிக்குப் பெயர். 1913ல் இதுபோன்ற நலப் பணியாளர்கள் அதே யார்க்கில் கூடி, தங்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பல முறை பெயர் மாறி, இன்றைக்குப் பிரிட்டனின் ஹெச்.ஆர். உலகத்துக்கே தலைமை அமைப்பாக இருப்பது அந்தச் சங்கம்தான்.

அப்பா, அமெரிக்கா. ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரம். கடைகளில் கல்லாப்பெட்டியாக இருக்கும் கேஷ் ரெஜிஸ்டர் மெஷின்களைச் செய்த 'நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர்' கம்பெனி. முதலாளி ஜான் பேட்டர்சன். தொழிலாளிகளுக்கு வெளிச்சமான கட்டடம், மத்தியானச் சாப்பாடு, தோட்டம் என்று வசதி செய்து கொடுத்த மனிதர். அப்படியும் 1901ல் ஸ்ட்ரைக் வெடித்து, ஆலை மூடிக் கிடந்தது. மறுபடி திறந்தபோது அவர் உருவாக்கியதுதான் 'தொழிலாளர் துறை'. தொழிலாளியின் புகாரைக் கேட்பதும் அந்தத் துறைதான். ஆளை வேலையைவிட்டு அனுப்புவதைக் கவனிப்பதும் அதே துறைதான்.

கவனித்தீர்களா? யார்க்கில் பிறந்தது ஆறுதல் சொல்லும் கை. டேட்டனில் பிறந்தது கடிதம் கொடுக்கும் கை. நூறு வருடம் கழித்து, என் நண்பனின் தங்கைக்கு இரண்டு கையும் ஒரே உடம்பில் முளைத்திருந்தன. அவளுக்கு இட்லி இறங்காததில் என்ன ஆச்சரியம்?

இந்த டேட்டன் கம்பெனியில் இன்னொரு கதையும் இருக்கிறது. பேட்டர்சன் எவ்வளவு வாரிக் கொடுப்பாரோ, அவ்வளவு சட்டென்று ஆளைத் துரத்துவார். ஓர் அதிகாரி வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், அவருடைய மேஜை புல்வெளியில் எரிந்துகொண்டிருந்ததாம். அதுதான் வேலை நீக்க உத்தரவு! உண்மையோ, ஊரார் கட்டியதோ, மனிதரின் சுபாவத்துக்குப் பொருத்தமான கதை.

அப்படி அவர் வெளியே அனுப்பியவர்களில் ஒருவர், தாமஸ் வாட்சன். விற்பனைப் புலி. அடுத்த வேலையில் சேர்ந்தபோது அவருக்கு வயது 40. கையில் புதிதாகப் பிறந்த குழந்தை. 1914 மே மாதம் நியூயார்க்கில் ஒரு சுமாரான கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். பத்து வருடம் கழித்து அந்தக் கம்பெனிக்குப் புதுப் பெயர் வைத்தார். அந்தப் பெயர்... ஐ.பி.எம்.!

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. 1933 வாக்கில் அமெரிக்காவில் நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. இலவச சூப்புக்குத் தெருவில் க்யூ. எல்லாக் கம்பெனிகளும் ஆட்களை உதறிக்கொண்டிருந்தபோது வாட்சன் என்ன செய்தார் தெரியுமா? ஆலையை நிறுத்தவில்லை. வாங்க ஆளில்லாத மெஷின்களைச் செய்யச் சொல்லி, கிடங்கில் அடுக்கிக்கொண்டே போனார். போதாக்குறைக்கு 1932ல் பத்து லட்சம் டாலரில் ஆராய்ச்சிக்கூடம் வேறு!

இந்த இடத்தில் பி.காம். படித்தவனுக்கு வயிற்றைக் கலக்கும். விற்காத சரக்கு 'க்ளோசிங் ஸ்டாக்'. அதில் முடங்குவது பணம். அந்தப் பணம் இல்லாமல் மூச்சடைத்துச் செத்த கம்பெனிகள் எத்தனையோ. வாட்சனுக்குப் பைத்தியம் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

1935 ஆகஸ்டில் அதிபர் ரூஸ்வெல்ட் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். சுமார் 2 கோடியே 60 லட்சம் தொழிலாளிகளின் சம்பளக் கணக்கை அரசாங்கம் பராமரிக்க வேண்டும். எதை வைத்து? துளையிட்ட அட்டைகளை எண்ணும் மெஷின்களை வைத்து. கிடங்கு நிறைய அதை வைத்துக்கொண்டிருந்தது யார்? ஐ.பி.எம்.! செய்து பழகிய கைகளும் அங்கேயே இருந்தன.

"நல்லவனுக்கு நல்லதே நடக்கும்" என்று நான் இந்தக் கதையை முடித்துவிட்டால் அது பொய். அந்தச் சட்டம் வராமல் போயிருந்தால் வாட்சனும் கவிழ்ந்திருக்கலாம். ஆட்களைக் கைவிடாத அந்த மரபுகூட 1990களின் தொடக்கத்தில் உடைந்தது. 1993ல் மட்டும் சுமார் 800 கோடி டாலர் நஷ்டம் வந்தபோது, ஐ.பி.எம்.மும் ஆயிரக்கணக்கில் கடிதம் கொடுத்தது. கையில் காசு இல்லாதபோது எந்த முதலாளியாலும் எல்லோரையும் காப்பாற்ற முடியாது. அப்படியென்றால் மிச்சம் இருக்கும் கேள்வி ஒன்றுதான். அந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதுவது?

இந்தக் கேள்விக்கு ஜப்பானில் ஒருவர் பதில் சொன்னார்.

1949. போரில் தோற்ற ஜப்பானில் விலைவாசியை அடக்க, அமெரிக்காவிலிருந்து ஜோசப் டாட்ஜ் என்ற வங்கியாளர் வந்தார். அவர் போட்ட கடிவாளத்தில் விலை இறங்கியது. கூடவே வியாபாரமும் படுத்தது. லாரி செய்துகொண்டிருந்த டொயோட்டா கம்பெனியில் சம்பளம் கொடுக்கவே பணம் இல்லை. தலைவர் கீச்சிரோ டொயோடா. அந்த டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டார்: சம்பளத்தில் 10 சதவிகிதம் குறைப்பு. பதிலுக்கு, யாரையும் வேலையைவிட்டு அனுப்புவதில்லை.

ஆனால், கடன் கொடுத்துக் காப்பாற்றிய வங்கிகள் ஆள்குறைப்பை நிபந்தனையாக வைத்தன. 1950 ஏப்ரலில் 1,600 பேரைக் குறைக்கும் திட்டத்தை நிர்வாகம் அறிவித்தது. கொடுத்த வாக்கு போனது. ஆலை வாசலில் போராட்டம். தொழிலாளர்கள் திட்டத்தை ஏற்றுக்கொண்ட அதே ஜூன் மாதம், கீச்சிரோவும் பதவியை ராஜினாமா செய்தார். தான் தொடங்கிய மோட்டார் தொழில், தன் குடும்பத்தின் கம்பெனி. இருந்தும், ஆட்களை அனுப்பிவிட்டு நாற்காலியில் தொடர அவரால் முடியவில்லை.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அதே ஜூன் 25ஆம் தேதி கொரியப் போர் மூண்டது. அமெரிக்க ராணுவம் டொயோட்டாவுக்கு லாரி ஆர்டர்களைக் குவித்தது. கம்பெனி பிழைத்தது. கீச்சிரோ 1952ல், தலைவர் பதவிக்குத் திரும்புவதற்கு முன்பே, 57 வயதில் இறந்துபோனார்.

அவரால் அந்த வேலைகள் ஒன்றும் காப்பாற்றப்படவில்லை, உண்மைதான். ஆனால் 'இவர்களுக்கு வேலை தெரியவில்லை, அதனால் அனுப்பினோம்' என்ற கதை அங்கே எழுதப்படவில்லை. நஷ்டத்தில் தன் பங்கை அவர் தன் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்.

நம் நாட்டுக்கு வருவோம். 1948 தொழிற்சாலைச் சட்டம், 500 அல்லது அதற்கு மேல் தொழிலாளர்கள் இருக்கும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது. அது யார்க் வழி வந்த உறவு. 1953ல் ஜவுளி ஆலைகளில் சரக்குத் தேங்கி வேலை பறிபோகும் நிலை வந்தபோது, 1947ஆம் வருடத்துத் தொழிற்தகராறு சட்டத்தில் ஆள்குறைப்புக்கு விதிகளைச் சேர்த்தார்கள். ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், கடைசியில் வந்தவர் முதலில் போவது என்ற வரிசை. அதோடு இன்னொரு சின்ன விஷயம்: அந்த நோட்டீஸில் காரணத்தையும் எழுத வேண்டும். இப்போது அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த அதிலும் நோட்டீஸும் நஷ்டஈடும் உண்டு. ஆனால், ஊழியரையே ராஜினாமா எழுதித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டால்? செயல்திறன் சரியில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால்? அந்த விதிகளுக்குப் பக்கத்திலேயே போகாமல் நழுவப் பார்க்கலாம். கண்ணாடிக் கட்டடங்களில் நடந்தது அதுதான்.

எங்கள் கல்லூரியில் கணக்குப்பதிவியல் வகுப்பில் ஒன்று சொல்லிக் கொடுத்தார்கள். கூலி டிரேடிங் அக்கவுன்ட்டில், சம்பளம் லாப நஷ்டக் கணக்கில். இரண்டுமே இடது பக்கம், அதாவது செலவுப் பக்கம். ஆலையில் இருக்கும் பழைய மெஷினுக்குக்கூட ஆஸ்தி என்று பேலன்ஸ்ஷீட்டில் ஓர் இடம் உண்டு. அதை ஓட்டும் மனிதனுக்குக் கிடையாது. அவன் செலவு மட்டும்தான். செலவைக் குறைப்பது தப்பில்லை. கம்பெனிக்கு வந்த நஷ்டத்தைக் கொண்டுபோய், வெளியேறுகிறவனின் திறமைக் குறைவு என்று எழுதுகிறோமே, அதுதான் கள்ளக் கணக்கு. அந்த வரி அவன் அடுத்து ஏறும் ஒவ்வொரு ஆபீஸிலும் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொள்ளும்.

நண்பனின் தங்கை மறுநாள் காலை தன் மேலதிகாரியிடம் போனாள். வேலையைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டாலும் கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும். "காரணத்தை மட்டும் மாத்தித் தாங்க சார்" என்று கேட்டாள். "அதனால என்னம்மா ஆகப்போகுது?" என்றார் அவர். "அவங்க அடுத்த வேலைக்குப் போகணுமே சார்" என்றாள்.

மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். அவளும் விடவில்லை. கடைசியில் பதினோரு பேரின் விடுவிப்புக் கடிதத்திலும் 'நிறுவனத்தின் செலவுக் குறைப்பு காரணமாக' என்ற வரி வந்தது. பதினோரு பேருக்கும் வேலை போனது போனதுதான். அந்த வருடம் அவளுக்கு இன்க்ரிமென்ட் இல்லை. யாருக்குமே இல்லை என்பதால், அதைத் தண்டனை என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை!

கேடயம் வாங்கியவர் எட்டு மாதம் கழித்து வேறு இடத்தில் சேர்ந்தார். இண்டர்வியூவில் "ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டபோது, பேசாமல் அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டினாராம். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்களாம். போன் செய்து அவளிடம் இதைச் சொல்லியிருக்கிறார்.

2020ல் கொரோனா ஊரடங்கின்போது அவள் வேறொரு கம்பெனியில், வேறொரு பெரிய பதவியில் இருந்தாள். மறுபடி ஒரு பட்டியல் வந்தது. இந்த முறை அறையும் இல்லை, டிஷ்யூ டப்பாவும் இல்லை, எல்லாம் லேப்டாப் திரையில். பெயர்களைப் படிப்பதற்கு முன்னால் கடைசிக் கட்டத்தைத்தான் பார்த்தேன் என்று என்னிடம் சொன்னாள்.

உங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கஷ்ட காலம் யார் வீட்டுக் கதவையும் தட்டும். நாளைக்கு உங்கள் முன்னால் ஒரு கடிதம் நீட்டப்பட்டால், கண் கலங்கும், கை நடுங்கும், கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து ஓடத் தோன்றும். போடாதீர்கள். தண்ணீர் குடியுங்கள். காரணம் என்று என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அது உண்மை இல்லை என்றால், மாற்றித் தரும்படி கேளுங்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர், நீங்கள் அப்படிக் கேட்கமாட்டீர்களா என்றுகூடக் காத்திருக்கலாம்.