மன்னார் மணற்பாலமும் தவளைகளின் மரபணுவும்

தோட்டவெளி என்றதும் பலருக்கும் நினைவில் வருவது, 1544இல் சங்கிலி மன்னன் காலத்தில் உயிர்நீத்த மன்னார்க் கிறிஸ்தவர்களும் அவர்கள் நினைவாக எழுந்த ஆலயமுமே. நான் இங்கு அவ்வூரைக் குறிப்பிடுவது வேறொரு காரணத்துக்காக. மன்னார் நகரிலிருந்து பேசாலை, தலைமன்னார் நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்த அவ்வூரின் மணலையும் பனையையும் முட்பற்றையையும் மனதில் வைத்துக்கொண்டால், இலங்கைத் தவளைகள் பற்றிய ஓர் ஆய்வைப் புரிந்துகொள்வது எளிது.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் தூரம். இடையில் மணற்றிட்டிகளும் ஆழமற்ற நீருமே உண்டு. இறுதிப் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீற்றர் தாழ்ந்திருந்தது. அப்போது மன்னார் தீவாகவே இருக்கவில்லை. இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலம். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்புவரை அத்தொடர்பு விட்டுவிட்டு நிலவியது. யானையும் சிறுத்தையும் கரடியும் இரு கரையிலும் வாழ்வதைக் கண்டவர்கள், இலங்கையின் உயிரினங்கள் தென்னிந்தியாவிலிருந்து பிரிந்த ஒரு துண்டே என்று கருதினர். அது நியாயமான முடிவாகவே தோன்றியது. தவளைகளுக்கும் அதே கணக்குத்தான். இரு கரைகளிலும் ஒன்றுபோல் தெரிந்தவற்றுக்கு ஒரே இலத்தீன் பெயர் சூட்டப்பட்டது.

இலங்கையில் பிறந்த இராணுவ மருத்துவரான எட்வேர்ட் பிரெடெரிக் கெலார்ட் 1852இல் இத்தீவின் விலங்குகளைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். பின்னர் மன்னார்க் கடலின் முத்துச்சிப்பிகளை ஆராயும் பணியும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1860இல் இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில் கப்பலிலேயே அவர் காலமானார். அவர் விவரித்த தவளையொன்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

பழைய கணக்கு 1990களில் ஆட்டங்காணத் தொடங்கியது. பொறியியல் கற்று இயற்கை ஆய்வுக்கு வந்த ரொஹான் பெத்தியாகொடவும் கெலும் மனமேந்திர ஆராச்சியும் மழைக்காடுகளெங்கும் தவளைகளைத் தேடினர். இளம் ஆய்வாளர் மாதவ மீகஸ்கும்புர அவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டார். 2002இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் முடிவு வெளியானது. அதுவரை சுமார் 20 இனங்களே அறியப்பட்டிருந்த மரத்தவளைக் கூட்டத்தில், நூறளவிலான இனங்கள் இருப்பதாக அது தெரிவித்தது. அவற்றுள் பெரும்பாலானவை பற்றைத் தவளைகள். இவற்றுக்குக் குளம் தேவையில்லை. ஈரமண்ணிலோ இலையிலோ முட்டையிடும். வாற்பேத்தைப் பருவமே இன்றி முட்டைக்குள்ளிருந்து குட்டித் தவளையாகவே வெளிவரும்.

2004இல் பிரசல்ஸ் பல்கலைக்கழகத்தின் பிராங்கி பொசைற் தலைமையில் வெளியான ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. தவளைகளோடு பாம்பு, நன்னீர் மீன், நண்டு, இறால் ஆகியவற்றின் மரபணுக்களையும் எடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ளவற்றோடு ஒப்பிட்டனர். இலங்கையின் இனங்கள் பெரும்பாலும் தமக்குள்ளேயே கிளைத்திருந்தன. நிலம் பலமுறை இணைந்தபோதும் கடந்து வந்தவை மிகச் சில. பற்றைத் தவளைகளின் மூதாதை இந்தியாவிலிருந்து வந்தது சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் என்று 2019இல் வெளியான இன்னோர் ஆய்வு கணித்தது. அவற்றுள் ஒரு கிளை பின்னாளில் இந்தியாவுக்கே திரும்பியிருக்கிறது!

பாலம் இருந்தும் ஏன் கடக்கவில்லை? இங்கேதான் தோட்டவெளி மணல் வருகிறது. தவளை தோலாலும் சுவாசிக்கும் பிராணி. தோல் காய்ந்தால் உயிர் போய்விடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டுக்கும் நமது மத்திய மலைநாட்டுக்கும் நடுவே, கடல் விலகிய காலத்திலும் கிடந்தது இராமநாதபுரம் முதல் மன்னார், வன்னி வரையான வறண்ட சமவெளிதான். யானை அதை நடந்து கடந்துவிடும். நகக்கண் அளவு தவளையால், அதுவும் ஈர இலைச்சருகை நம்பி முட்டையிடும் தவளையால், முடியாது. வறட்சியைத் தாங்கும் சாதாரண தேரையோ இரு கரையிலும் இருக்கிறது. இந்த மணற்பாலத்தைக் காட்டித் தத்தம் உரிமையை நிலைநாட்ட முனைவோர் இரு கரையிலும் இருக்கிறார்கள். பாலம் இருந்தது என்பதும், அதன் வழியே எல்லாம் வந்தன என்பதும் ஒன்றல்ல.

பெயர் மாறியதால் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்கலாம். கேரளத்திலும் இருக்கும் ஓர் இனம் இங்கு மறைந்தால், அங்கேயாவது மிஞ்சும். இங்கு மட்டுமே உள்ள இனம் மறைந்தால், உலகிலேயே அது இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் மலைக்காடுகள் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக அழிக்கப்பட்டன. 2002 ஆய்வின்படி எஞ்சியிருந்த மழைக்காடு சுமார் 750 சதுர கிலோமீட்டர் மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடித்து அருங்காட்சியகப் போத்தல்களில் இடப்பட்ட தவளைகளுள் பத்துக்கும் மேற்பட்ட இனங்களைத் தேடியும் காணவில்லை, அழிந்தவையாகவே பதிந்தனர்.

அந்தப் பட்டியலில் கெலார்ட் 1853இல் விவரித்த, உடலில் வெண்புள்ளிகள் கொண்ட நுவரெலியாத் தவளையும் இருந்தது. ஒன்றரை நூற்றாண்டாக அதை எவரும் கண்டதில்லை. சிவனொளிபாதமலைக் காட்டில் அது உயிரோடு இருப்பதை 2013இல் இலங்கை ஆய்வாளர்கள் அறிவித்தனர்.