ஆஞ்சியோஸ்பெர்ம்: ஒரு பெயரின் வரலாறு

தாவரவியல் பயிலும் மாணவர் தொடக்கத்திலேயே எழுதிப் பழகும் சொற்களுள் ஒன்று 'ஆஞ்சியோஸ்பெர்ம்' என்பது. பூக்கும் தாவரங்கள் என்று பொருள் கூறிவிட்டு நாம் மேலே சென்றுவிடுகிறோம். ஆனால் அச்சொல்லில் பூவுக்கு இடமே இல்லை. 'ஆங்கெயோன்' என்னும் கிரேக்கச் சொல் கலத்தைக் குறிப்பது. 'ஸ்பெர்மா' என்பது வித்து. கலத்துள் வித்துடையது என்பதே நேர்ப்பொருள். இருதய மருத்துவர் செய்யும் 'ஆஞ்சியோகிராம்' சோதனையிலும் இதே கலந்தான் இருக்கிறது. அங்கே அது குருதி நாளம், இங்கே சூலகம்.

கிரேக்கத்தில் இதன் ஒலி 'ங்க' என்பதே. ஜெர்மானியர் இன்றும் 'அங்கியோ' என்று வல்லொலியோடு சொல்கின்றனர். ஆங்கிலேயரோ தம் மொழி வழக்கப்படி அதனை 'ஞ்ஜி' ஆக்கி, முதலசையை அழுத்தி உரைப்பர். நாம் ஆங்கிலத்தின் வழியே கற்றோம். ஆதலின் 'ஆஞ்சியோ' என்கிறோம். இதனைப் பிழையென்று திருத்தப் புகுவது வீண் வேலை.

ஒலியைவிடப் பொருளே பெரிதும் அலைந்திருக்கிறது. இப்பெயரை 1690ஆம் ஆண்டில் வழங்கியவர் பால் ஹெர்மன். டச்சு வணிகக் குழுவின் மருத்துவராக இலங்கையில் சில ஆண்டுகள் இருந்து செடிகொடிகளைத் திரட்டியவர். பின்னர் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். காய்க்கூட்டுக்குள் விதை அடங்கிய செடிகளை மட்டுமே அவர் இப்பெயரால் சுட்டினார்.

அடுத்த நூற்றாண்டில் லின்னேயஸ் இதனை மேலும் குறுக்கினார். இரண்டு நெட்டை, இரண்டு குட்டையாக நான்கு மகரந்தத் தாள்கள் கொண்ட செடிகளை ஒரு வகுப்பாக்கி, அதனை இரண்டாகப் பிரித்தார். எள் மூடிய விதைப் பிரிவில் அமர்ந்தது. நம் துளசியோ திறந்த விதைப் பிரிவுக்குப் போயிற்று! துளசிப் பூவின் புல்லிவட்டத்தினுள் நான்கு சிறு மணிகள் கிடக்கக் காணலாம். அவற்றை உறையற்ற விதைகள் என்று அந்தப் பேரறிஞர் கருதிவிட்டார். உண்மையில் ஒவ்வொரு மணியும் சூலகச் சுவரின் ஒரு பகுதி போர்த்திய கனித்துண்டு. கண்ணுக்குத் திறந்ததாகத் தோன்றுவது திறந்ததன்று.

அவ்வாறாயின் மெய்யாகவே திறந்த வித்து எங்கே இருக்கிறது? 1827இல் வெளிவந்த ஆய்வில் ராபர்ட் பிரவுன் விடை கண்டார். முற்றிய விதையை விடுத்து, கருவுறுமுன் உள்ள சூலையே அவர் ஆராய்ந்தார். சைக்கஸ், பைன் போன்ற மரங்களில் சூலைச் சூழ்ந்து சூலகம் இல்லை. மகரந்தம் நேரே சூலை அடைகிறது. துளசியிலோ சூலகமுடி வழியே மகரந்தக்குழாய் உள்ளே இறங்கியாக வேண்டும். இங்ஙனம் பழைய பெயருக்குப் புதிய அளவுகோல் வாய்த்தது. 1851இல் ஹோப்மைஸ்டரின் கருப்பை ஆராய்ச்சி வெளிவந்தபின், ஒருவித்திலை, இருவித்திலைத் தாவரங்கள் அனைத்தும் இப்பெயருள் அடங்கின. இன்று அறியப்பட்டவை ஏறத்தாழ 3 லட்சம் இனங்கள். துளசியும் அவற்றுள் ஒன்று.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'மூடுவிதைத் தாவரங்கள்' என்கின்றன. ஹெர்மன் செடி திரட்டிய இலங்கையின் தமிழ் நூல்களிலோ அது 'வித்துமூடியுளி'.