நாட்டுக்கு ஒரு வீடு

போன வாரம் பழைய காகிதங்களை ஒழுங்குபடுத்தும்போது பாரீஸ் நகரப் படம் ஒன்று கையில் கிடைத்தது. அதன் தென்கோடியில் ஓர் இடத்தை நான் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருந்தேன். நம்மவர்களில் பாரீசுக்குப் போய் வந்தவர்கள் பலருக்கும் ஈஃபில் கோபுரம் தெரியும், லா ஷப்பேல் பக்கத்துத் தமிழ்க் கடைகள் தெரியும். இந்த இடத்தை அநேகமாகத் தெரியாது. பிரெஞ்சில் அதைச் சுருக்கமாக ‘சித்தே யுனிவெர்சித்தேர்’ என்பார்கள். உலகத்து மாணவர்கள் எல்லாம் தங்கிப் படிக்கும் ஒரு குட்டி ஊர் என்று சொல்லலாம்.

அதன் கதை முதல் உலகப் போருக்குப் பின் தொடங்குகிறது. ஐரோப்பாவில் ஒரு தலைமுறை இளைஞர்கள் போர்க்களத்தில் மடிந்திருந்தார்கள். பாரீசில் படிக்க வந்தவர்களுக்கு நல்ல அறை கிடைப்பதும் பெரும்பாடாக இருந்தது. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் அந்த்ரே ஒனோரா. பல்கலைக்கழகத்தின் தலைவர் போல் அப்பேல். எமில் தெச் தெ லா மேர்த் என்ற எண்ணெய்த் தொழிலதிபர் ஒரு கோடி பிராங்க் நன்கொடை தர முன்வந்தார். நகரைச் சுற்றி இருந்த பழைய கோட்டைச் சுவரை அந்தச் சமயத்தில்தான் இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நிலத்தில் ஒரு பகுதியை மாணவர்களுக்கு ஒதுக்கினார்கள். படை நின்ற இடத்தில் பிள்ளைகள் படிக்கட்டும் என்று.

முதல் குடியிருப்பு 1925ல் திறக்கப்பட்டது. நன்கொடை கொடுத்த மனிதர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. முந்தின ஆண்டே காலமாகிவிட்டார். பிறகு ஒவ்வொரு நாடாக வந்து தன் வீட்டைக் கட்டியது. 1926ல் கனடா, அடுத்து பெல்ஜியம், அர்ஜென்டினா, 1929ல் ஜப்பான். 1933ல் சுவிட்சர்லாந்துக்காக ஒரு வீட்டை வடிவமைத்தவர் லெ கொர்புசியே. பின்னாளில் சண்டிகருக்குத் திட்டம் போட்டாரே, அவரேதான். 1936ல் அமெரிக்கச் செல்வர் ராக்பெல்லரின் பணத்தில் நடுவே ஒரு பெரிய மாளிகை எழுந்தது. சாப்பாட்டுக்கூடம், நூலகம், நாடக அரங்கு, நீச்சல் குளம் எல்லாம் அதில் பொது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாட்டிலேயே ஒரு சிக்கல் உண்டு. எல்லாரும் கலந்து பழகவேண்டும் என்பதற்காக ஓர் ஊரைக் கட்டிவிட்டு, அதில் நாட்டுக்கு ஒரு வீடு என்று பிரித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? ஜப்பான்காரன் ஜப்பான் வீட்டில், அர்ஜென்டினாக்காரன் அர்ஜென்டினா வீட்டில். பக்கத்துப் பக்கத்தில் இருப்பார்கள், அவ்வளவுதான்.

வெளி உலகத்துச் சண்டைகளும் வேலியைத் தாண்டி உள்ளே வந்தன. 1930ல் இந்தோசீன மாணவர்களுக்கான வீடு திறக்கப்பட்டபோது, குடியரசுத் தலைவர் தூமெர்க் முன்னிலையிலேயே வியட்நாம் மாணவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். யென் பாய் கிளர்ச்சியில் தங்கள் ஊர்க்காரர்களுக்கு மரண தண்டனை விதித்திருந்த நேரம் அது. அழகான கட்டடம் கட்டிக் கொடுத்துவிட்டால் காலனிய ஆட்சியின் வலி மறைந்துவிடாது என்பது நம் ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படையே அந்த வளாகத்துக்குள் வந்து தங்கியது. அதே ஜெர்மனிக்கு 1956ல் அங்கே ஒரு வீடு திறந்தார்கள். கவிஞர் ஹைன்ரிச் ஹைனேயின் பெயரைச் சூட்டினார்கள். ஜெர்மனியில் பிறந்து பாரீசில் வாழ்ந்து பாரீசிலேயே இறந்தவர் அவர். பெயரைத் தேர்ந்தெடுத்தவர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். இந்தியாவின் வீடு 1968ல் வந்தது.

சரி, அந்தச் சிக்கலுக்கு என்ன செய்தார்கள்? அங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு விதி இருக்கிறது. அதற்கு ‘பிரசாழ்’ என்று பெயர். மாவைப் பிசைவதுபோல, ஒன்றோடொன்று கலக்கும்படி கிளறிவிடுவது என்று பொருள் சொல்லலாம். ஒவ்வொரு வீடும் தன் அறைகளில் கணிசமான பங்கை மற்ற நாட்டு மாணவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். பதிலுக்குத் தன் மாணவர்களை அந்தந்த வீடுகளுக்கு அனுப்பும். நட்பாக இருங்கள் என்று யாரும் பிரசங்கம் செய்வதில்லை. அறைப் பட்டியலிலேயே அந்த வேலை முடிந்துவிடுகிறது.

என் அக்காள் பேத்தி அங்கே ஓர் ஆண்டு தங்கிப் படித்தாள். இந்திய வீட்டுக்குத்தான் விண்ணப்பம் போட்டாள். அறை கிடைத்ததோ டென்மார்க் வீட்டில். “நம்ம வீடுன்னு ஒண்ணு இருக்கையிலே பிள்ளையை எங்கேயோ கொண்டு போய்ப் போட்டுட்டாங்களே” என்று அக்காள் என்னிடம் புலம்பினாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. பாரீஸ் போயிருந்தபோது அவளைப் பார்க்கப் போனேன். பொதுச் சமையலறையில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு வெளிநாட்டுப் பெண்கள் டம்ளரோடு காத்திருந்தார்கள்.

“இந்திய வீட்டுலேயே இருந்திருந்தா வசதியா இருந்திருக்கும் தாத்தா. ஆனா நம்ம பசங்களோட மட்டும் பேசிட்டுத் திரும்பி வந்திருப்பேன்” என்றாள்.

அன்று ரயிலில் திரும்பும்போது எனக்கு வேறொரு பட்டியல் ஞாபகத்துக்கு வந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எண்பதுகளில் சில ஆண்டுகள் மாணவர் விடுதி ஒன்றின் அறை ஒதுக்கீட்டுக் கோப்பு என் மேசையில் இருந்தது. நம் மாநிலத்தின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். காரைக்காலில் தமிழ், மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. மூன்று ஊர்ப் பிள்ளைகளும் படிக்கப் புதுச்சேரிக்கு வருவார்கள். பாரீசில் ஒரு நகரத்தையே கட்டி வரவழைத்ததை, சரித்திரம் நமக்குச் சும்மா கொடுத்திருந்தது. நான் என்ன செய்தேன்? கீழ்த்தளம் காரைக்கால், முதல் மாடி மாஹே, பின்கட்டு ஏனாம் என்று பட்டியல் போட்டேன். சண்டை வராது, புகார் வராது, மேலதிகாரி கேள்வி கேட்க மாட்டார். ஊர்வாரியாகப் பிரித்ததற்குள்ளே, கோப்பில் எழுதாத இன்னொரு பிரிவினையும் இருந்தது. அது என்னவென்று நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அதையும் பார்த்துத்தான் பெயர்களைச் சேர்த்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

ஓர் ஆண்டு ஏனாம் பையன் ஒருவன் ஆங்கிலத்தில் மனு எழுதிக் கொண்டுவந்தான். காரைக்கால் மாணவர்களோடு அறை வேண்டும், தமிழ் கற்றுக்கொள்ள ஆசை என்று எழுதியிருந்தான். உன் ஊர்ப் பையன்களோடு இருப்பதுதான் உனக்கு வசதி என்று அவனுக்குத் தெரிந்த ஆங்கிலத்திலேயே சொல்லி மனுவைத் திருப்பிக் கொடுத்தேன். அன்பாகச் சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டேன். மூன்று ஆண்டு கழித்து முன்பணத்தைத் திரும்ப வாங்க என் மேசைக்கு வந்தான். கையெழுத்துப் போட்டு, பணத்தை எண்ணிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனான். எல்லாம் ஆங்கிலத்தில்தான்.

மனிதர்கள் தானாகக் கலந்து பழகிவிடுவார்கள் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. தெரிந்த முகத்தைத் தேடிப் போய் உட்காருவதுதான் இயல்பு. அதை மாற்ற பெரிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. பாரீசில் அது ஓர் அலுவலக விதி. என் போன்ற ஒரு குமாஸ்தா உட்கார்ந்து போட வேண்டிய பட்டியல். வேறு மாதிரிப் போட்டிருந்தால் எனக்குக் கூடுதலாக அரைநாள் வேலை ஆகியிருக்கும். நாலு புகார் வந்திருக்கும்.

இன்று காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தின் வழியாகப் பேருந்தில் போகும்போது எத்தனையோ மாநிலத்துப் பிள்ளைகள் ஏறி இறங்குகிறார்கள். அவர்களுக்கு அறை ஒதுக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ தெரியாது. இந்தப் பதிவு அவர் கண்ணில் பட்டால் நல்லது.