நித்தியகல்யாணியும் மரத்துப்போன விரல்களும்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் ஷிப்ட் மாறும் வேளையில் நின்றால், கம்பெனிப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்துபோவதைப் பார்க்கலாம். என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்த மாணவர்கள் பலர் அந்தப் பேருந்துகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தான். கழுத்தில் வலியில்லாத கட்டி ஒன்று வந்தது. ஹாட்ஜ்கின் லிம்போமா என்றார்கள். நிணநீர்ப் புற்றுநோய்களில் ஒரு வகை. முதல் சிகிச்சையில் அடங்கிய நோய் ஒன்றரை ஆண்டில் திரும்பி வந்தது. இரண்டாம் முறை அவனுக்குக் கொடுக்கப்பட்ட மருந்தின் பெயர் பிரென்டுக்சிமாப் வெடோட்டின்.

"ஐயா, இது டார்கெட் மருந்து. கேன்சர் செல்லை மட்டும் தேடிப்போய் அடிக்குமாம்" என்று தொலைபேசியில் சொன்னபோது அவன் குரலில் தெம்பு இருந்தது. மூன்றாம் ஊசிக்குப் பிறகு விரல் நுனிகள் மரத்துப்போயின. சிறிய திருகாணி ஒன்றை எடுத்தால், எடுத்தோமா இல்லையா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இத்தனை வருடம் பவர் டூல் பிடித்த கை, அதனால்தான் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டு மேலும் இரண்டு ஊசிகள் போட்டுக்கொண்டான். மருத்துவரிடம் சொல்லவில்லை. "சொன்னா மருந்த நிறுத்திடுவாங்களோன்னு பயம் ஐயா."

நான் தமிழ் இலக்கியம் படித்தவன், மருத்துவம் அறியாதவன். ஆனாலும் 'தேடிப்போய் அடிக்கும்' மருந்து ஏன் விரல்களைத் தொட்டது என்று அவன் கேட்ட கேள்விக்கு விடை தேடி நூலகத்தில் உட்காரவேண்டியதாயிற்று. விடையோடு ஒரு வரலாறும் கிடைத்தது. அதில் நம் வேலியோரத்துச் செடி ஒன்றும் இருந்தது.

லிம்போமா மருந்துகளின் கதை நச்சுவாயுவில் தொடங்குகிறது. முதல் உலகப் போரில் மஸ்டர்ட் வாயுவுக்கு ஆளானவர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்திருப்பதை 1919-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். அன்று அது விஷத்தின் கொடுமைகளில் ஒன்று, அவ்வளவே. 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் குட்மனும் ஆல்ஃபிரட் கில்மனும் அதே கொடுமையை வேறு விதமாகப் பார்த்தார்கள். வெள்ளணுவை அழிக்கும் பொருள், வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோயையும் அழிக்குமல்லவா? நிணநீர்ப் புற்று முற்றிய ஒரு நோயாளிக்கு நைட்ரஜன் மஸ்டர்ட் கொடுத்தார்கள். கட்டிகள் கரைந்தன, எலும்பு மஜ்ஜையும் ஒடுங்கியது. சில மாதங்களில் அவர் இறந்துபோனார். போர்க்கால ரகசியம் என்பதால் 1946 வரை இது வெளியே வரவில்லை. 'பக்கவிளைவு' என்ற சொல்லை நாம் எளிதாகப் புழங்குகிறோம். இந்த மருந்தைப் பொறுத்தவரை பக்கத்தில் இருந்ததுதான் பிறகு நடுவுக்கு வந்தது.

இனி நித்தியகல்யாணி. மடகாஸ்கரிலிருந்து வந்து நம் மண்ணில் தானாக முளைக்கும் அளவுக்கு உறவாகிவிட்ட செடி. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். ஒரே பூவுக்கு நித்திய கல்யாணமும் சுடுகாடும் பெயராக அமைந்ததை வகுப்பில் பலமுறை சொல்லி மாணவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். 1950-களின் தொடக்கத்தில் ஜமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர் இதன் இலைகளைக் கனடாவுக்கு அனுப்பினார். அங்கே நீரிழிவுக்கு அதன் கஷாயத்தைக் குடிப்பது வழக்கம். ஒன்டாரியோவில் ராபர்ட் நோபிள் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஊசியாகச் செலுத்தப்பட்ட எலிகளோ தொற்றுநோய் கண்டு செத்தன. அவற்றின் வெள்ளணுக்கள் காணாமல் போயிருந்தன. மீண்டும் அதே கதை. நோபிளும் சார்லஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார்கள். எலி லில்லி நிறுவனத்தின் ஆய்வில் கிடைத்த வின்கிரிஸ்டின் 1963-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு ஏறத்தாழ அரை டன் காய்ந்த இலை வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. தமிழ்நாட்டின் தென்மாவட்ட வானம்பார்த்த பூமியில் இதைப் பயிரிட்டு இலையும் வேருமாக ஏற்றுமதி செய்திருக்கிறார்கள். உழுதவர்களில் எத்தனை பேருக்கு அது எங்கே போகிறதென்று தெரிந்திருக்கும்?

இந்த இரு மருந்துகளும் செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் குலைக்கின்றன. செல் இரண்டாகப் பிரிவதற்கு அந்தக் குழல்கள் வேண்டும். அவை குலைந்தால் புற்றுச்செல் பெருக முடியாது. ஆனால் நரம்புக்கும் அதே குழல்கள்தான் தண்டவாளம். முதுகுத்தண்டின் அருகிலிருந்து கால் பெருவிரல் வரை நீளும் ஒரே நரம்புச் செல்லில் ஊட்டப்பொருள்கள் அவற்றின்மீதுதான் பயணம் போகின்றன. தண்டவாளம் பெயர்ந்தால் கடைசி ஸ்டேஷன்தான் முதலில் பட்டினி கிடக்கும். ஆகவே கால்விரல், பிறகு கைவிரல். வின்கிரிஸ்டின் போட்டுக்கொண்டவர்களுக்கு மரத்துப்போதலும் மலச்சிக்கலும் வருவது இதனால்.

இதற்கெல்லாம் மாற்றாக வந்ததுதான் இலக்கு மருந்து என்ற கனவு. நோயை மட்டும் தாக்கும் 'மந்திரக் குண்டு' என்ற படிமம் ஜெர்மானியரான பால் எர்லிக்குடையது. வயது நூறுக்கு மேல். 1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்புரதத்தைப் பெருமளவில் உண்டாக்கும் வழியைக் கண்டபிறகுதான் அது கைக்கு எட்டியது. 1997 நவம்பரில் ரிட்டுக்சிமாப் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பி அணுக்களின் மேலுள்ள சிடி20 என்ற அடையாளத்தைப் பற்றிக்கொள்ளும் மருந்து. இதன் பயனைக் குறைத்துச் சொல்வது பாவம். 60 முதல் 80 வயதுடைய 399 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், பழைய கூட்டு மருந்தோடு இதையும் சேர்த்தபோது நோய் முற்றிலும் மறைந்தவர்கள் 63 சதவீதத்திலிருந்து 76 சதவீதமாக உயர்ந்தார்கள். 2007-இல் ஹைதராபாத் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இதற்கு இணையான மருந்தை ஏறத்தாழப் பாதி விலையில் கொண்டுவந்ததால் நம்மவர்க்கும் ஓரளவு எட்டிற்று.

ஆனால் சிடி20 நோயுற்ற அணுவின் மேல் மட்டும் இல்லை. ஆரோக்கியமான பி அணுவின் மேலும் இருக்கிறது. குறி தப்பவில்லை. குறியே இரண்டு இடத்தில் இருந்தது. முதல் முறை ஏற்றும்போது குளிரும் காய்ச்சலும் நடுக்கமும் வருவதை மெதுவாக ஏற்றியும் முன்மருந்து கொடுத்தும் சமாளித்துவிடலாம். அதைவிட ஆழமானது, ஈரலில் உறங்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமி. காவல் நீங்கியதும் அது விழித்துக்கொள்கிறது. சில சமயம் ஈரலே செயலிழந்து உயிர் போகிறது. சிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் ஹெபடைட்டிஸ் பி சோதனை செய்யவேண்டும் என்பதை அமெரிக்க மருந்துத் துறை கட்டமிட்ட எச்சரிக்கையாக வலியுறுத்தியது 2013 செப்டம்பரில். மருந்து வந்து பதினாறு ஆண்டுகள் கழித்து.

மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்பது நம் ஊர் வழக்கம். அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனவர்களும் நம்மவர்களே. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் பிளம்பர்க்குடன் சேர்ந்து ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்த முடிவு 1988-இல் லான்செட் இதழில் வந்து உலகின் கவனத்தைப் பெற்றது. பிறகு வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அந்த நல்ல பலன் அப்படியே கிடைக்கவில்லை. இதைச் சொல்லக் காரணம் உண்டு. ரிட்டுக்சிமாப் ஏற்றிக்கொண்டவருக்குக் கண் மஞ்சளானால் கீழாநெல்லிக்குக் காத்திருக்க நேரமில்லை. கிருமியை அடக்கும் மாத்திரைகள் இன்று இருக்கின்றன. சோதனையில் தெரியவந்தால் சிகிச்சைக்கு முன்பே அவற்றைத் தொடங்கிவிடுகிறார்கள்.

அடுத்து வந்த மாத்திரைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013-இல் வந்த இப்ருடினிப் ரத்தக் கசிவையும் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைவதையும் கூடவே கொண்டுவந்தது. 2014-இல் வந்த இடலாலிசிப் ஈரலையும் குடலையும் நுரையீரலையும் அழற்சிக்கு உள்ளாக்கியது. 2016-இல் சில ஆய்வுகளில் மரணங்கள் நேர்ந்து அவை நிறுத்தப்பட்டன. 2022-இல் தயாரித்த நிறுவனமே அமெரிக்காவில் இருவகை லிம்போமாக்களுக்கான அனுமதியைத் திரும்ப ஒப்படைத்தது. ஒரு மருந்தின் தலையெழுத்தையே பக்கவிளைவு மாற்றிய கதை அது.

இப்போது என் மாணவனின் விரலுக்கு வருகிறேன். 2011-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிரென்டுக்சிமாப் வெடோட்டின் உண்மையில் இரண்டு பொருள்கள். ஒன்று, ஹாட்ஜ்கின் அணுவின் மேலுள்ள சிடி30 அடையாளத்தைத் தேடும் எதிர்ப்புரதம். மற்றொன்று, அதன் முதுகில் கட்டி அனுப்பப்படும் விஷம். அந்த விஷத்தின் மூதாதை, இந்தியப் பெருங்கடலில் மொரீஷியஸ் அருகே சேகரித்த 'கடல் முயல்' என்னும் ஓடில்லா நத்தை போன்ற உயிரிலிருந்து எடுக்கப்பட்டது. அது செல்லுக்குள் போய் எதைக் குலைக்கிறது? நுண்குழலை. நித்தியகல்யாணி குலைத்த அதே நுண்குழலை.

கொண்டுபோகும் வண்டிதான் புதியது. சரக்கு பழைய சரக்கு. வழியில் கொஞ்சம் சிந்தினாலும் நரம்பின் கடைசி ஸ்டேஷன் பாதிக்கப்படுகிறது. 2018-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இந்த மருந்து சேர்ந்த சிகிச்சை பெற்றவர்களில் 67 சதவீதத்தினருக்கும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 43 சதவீதத்தினருக்கும் நரம்புப் பாதிப்பு கண்டது. அதே ஆய்வின் ஆறாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் புதிய சிகிச்சையில்தான் அதிகம்: 93.9 சதவீதம், மற்றதில் 89.4. இரண்டு கணக்கையும் சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். என் மாணவனுக்கு முதல் சிகிச்சையிலேயே வின்பிளாஸ்டின் போயிருந்தது. நரம்பு ஏற்கெனவே ஒரு முறை அடிபட்டிருந்தது.

இதையெல்லாம் அவனிடம் சொன்னபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்ப டாக்டர்கிட்ட சொன்னா மருந்த நிறுத்த மாட்டாங்களா ஐயா?" பெரும்பாலும் அளவைக் குறைப்பார்கள், அல்லது சில வாரம் தள்ளிப்போடுவார்கள், மறைத்தால்தான் நிரந்தரமாக நிறுத்தும் நிலை வரும் என்று சொன்னேன். அடுத்த முறை போனபோது சொல்லிவிட்டான். ஊசியைத் தள்ளிவைத்து, பிறகு குறைந்த அளவில் தொடர்ந்தார்கள். நோய் அடங்கியிருக்கிறது.

வேலைக்குத் திரும்பியபோது லைனில் நிற்க முடியவில்லை. இப்போது ஸ்டோர்ஸில் கணக்கு எழுதுகிறான். மருந்து முடிந்தபின் பலருக்கு மரத்துப்போதல் மெல்லக் குறையும். சிலருக்கு மிச்சம் இருக்கும். சென்ற மாதம் ஒரகடம் கூட்டுச்சாலையில் அவனைப் பார்த்தேன். தினமும் பேருந்தில் சட்டைப் பைக்குள் கைவிட்டு, பார்க்காமலே ஒரு ரூபாயா இரண்டு ரூபாயா என்று தடவிச் சொல்லிப் பழகுகிறானாம். வலக்கையில் பத்துக்கு எட்டு சரியாக வருகிறது என்றான். இடக்கையில் இன்னும் ஐந்துதான்.