மாரடைப்பின் 9 காரணிகளைக் காட்டிய டாக்டர் சலீம் யூசுப்

கேரளாவின் கொட்டாரக்கராவில் பிறந்த டாக்டர் சலீம் யூசுப், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக இருதய நிபுணர். மற்ற ஆய்வாளர்கள் ஆக அதிகமாக மேற்கோள் காட்டும் மருத்துவ விஞ்ஞானிகளில் ஒருவர்.

52 நாடுகளில் ஏறத்தாழ 30,000 பேரிடம் அவர் தலைமையில் நடந்த 'இண்டர்ஹார்ட்' ஆய்வு 2004-இல் வெளியானது. புகை, கொழுப்பு, இனிப்புநீர், உயர் ரத்த அழுத்தம், தொப்பை, மனவுளைச்சல் உள்ளிட்ட 9 காரணிகளே மாரடைப்பு அபாயத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் என்றது அது.

இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளில் முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வந்தது; பிற நாடுகளில் 59 வயதில்.

அதே வம்சாவளியினரான ஜித்ரா வட்டாரத் தமிழர்கள் இதைப் பரம்பரை நோய் என்று விட்டுவிட வேண்டியதில்லை. ரத்த அழுத்தம், இனிப்புநீர், கொழுப்பு மூன்றையும் அரசாங்க கிளினிக்கிலேயே சோதித்துக் கொள்ளலாம். ஐம்பது வயதுவரை காத்திருக்க வேண்டாம்.