‘சண்டை’ எனக் கருதப்பட்ட கொலை

1993 ஏப்ரல் 22, வியாழக்கிழமை. இரவு மணி பத்தரையைக் கடந்திருந்தது. தென்கிழக்கு லண்டனின் எல்தம் பகுதியில், வெல் ஹால் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் கறுப்பின இளைஞர் இருவர் வீடு திரும்பக் காத்திருந்தனர். ஒருவர் ஸ்டீபன் லாரன்ஸ், வயது 18, கட்டடக் கலைஞராக விரும்பிய மாணவர். மற்றவர் அவருடைய நண்பர் டுவெய்ன் புரூக்ஸ். சாலையின் எதிர்ப்புறத்திலிருந்து ஓர் இனவசைச் சொல் எழுந்தது. அடுத்த கணம் வெள்ளையின இளைஞர் கும்பல் ஒன்று சாலையைக் கடந்து வந்து ஸ்டீபனைச் சூழ்ந்துகொண்டது. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு கத்திக்குத்துக் காயங்களுடன் ஏறத்தாழ 120 மீட்டர் ஓடிய ஸ்டீபன், நடைபாதையில் சரிந்தார். அன்றிரவே இறந்தார்.

அந்தச் சில நொடிகளைப் பற்றிய விவாதம் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்து வருகிறது. அதற்குக் காரணம் கொலை மட்டுமன்று. கொலைக்குப் பின் காவல்துறை கேட்ட கேள்விகளும், கேட்காமல் விட்ட கேள்விகளுமே.

முதலில் வந்துசேர்ந்த காவலர்கள் முறையான முதலுதவி அளிக்கவில்லை. நண்பன் கண்ணெதிரே குத்துப்பட்டதைக் கண்டு பதறிய புரூக்ஸை, பாதிக்கப்பட்டவராகவும் முதன்மைச் சாட்சியாகவும் அவர்கள் நடத்தவில்லை, ஐயத்துக்குரியவராகவே நோக்கினர். நடந்தது ஏதோ சண்டை என்று அங்கிருந்த அதிகாரி ஒருவர் முடிவுகட்டிக்கொண்டார். இந்தச் சொல்லின் விளைவு சிறியதன்று. சண்டைக்கு இரண்டு தரப்புகள் வேண்டும். தாக்குதலுக்கு ஒரு தரப்பே போதும். ‘சண்டை’ என்று சொன்னவுடனேயே இறந்தவரின் தலையில் பாதிப் பொறுப்பு ஏறிவிடுகிறது. அதன்பின் ஓடியவர்களைத் தேடுவதைவிட, வீழ்ந்தவர் எத்தகையவர் என்று ஆராய்வதே இயல்பான பணியாகத் தோன்றும். மகனை இழந்த நெவில், டோரீன் லாரன்ஸ் தம்பதியர் எதிர்கொண்ட கேள்விகளும் அத்தகையவையே. ஸ்டீபனுக்கு ஏதேனும் கும்பலோடு தொடர்புண்டா என்று துருவிக் கேட்பதாகவே அவர்களுக்குப் பட்டது.

இத்தனைக்கும் தகவலுக்குப் பஞ்சமில்லை. கொலை நடந்த மறுநாளே, சந்தேகத்துக்குரியோரின் பெயர்களைத் தாங்கிய பெயரில்லாக் கடிதம் ஒன்று தொலைபேசிச் சாவடியில் கிடைத்தது. அதே பெயர்கள் பல வாய்களிலிருந்தும் வந்தன. அவர்கள் வீட்டைக் கண்காணிக்கக் காவல்துறை நிழற்படக்காரரை அமர்த்தியது. ஐயத்துக்குரிய ஒருவர் குப்பைப் பையுடன் வெளியேறியதை அவர் கண்டார். பின்தொடரவோ உடனே தெரிவிக்கவோ வழி செய்யப்பட்டிருக்கவில்லை. தமக்குக் கிடைத்த பெயர்களை டோரீன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தபோது, உயரதிகாரி அதைச் சிறு உருண்டையாக மடித்துக் கசக்கினார் என்பது அவர் பின்னாளில் அளித்த சாட்சியம். மே 6 அன்று, லண்டன் வந்திருந்த நெல்சன் மண்டேலா பெற்றோரைச் சந்தித்தார். மே 7 அன்று முதல் கைதுகள் நடந்தன. இடையில் கழிந்தவை 15 நாட்கள்.

எல்தம் மக்களின் சினம் ஒரே இரவில் மூண்டதன்று. 1991இல் அருகிலுள்ள தேம்ஸ்மீட்டில் ரோலன் ஆடம்ஸும், 1992இல் எல்தமிலேயே ரோஹித் துகலும் குத்திக் கொல்லப்பட்டிருந்தனர். இன்னும் பின்னோக்கினால், 1976 ஜூனில் சவுத்தாலில் 18 வயது சீக்கிய இளைஞர் குர்தீப் சிங் சாகரின் கொலை நிற்கிறது. காவல்துறையின் போக்கைக் கண்டு கொதித்த பஞ்சாபி இளைஞர்கள் அன்று வீதியில் இறங்கினர். சவுத்தால் இளைஞர் இயக்கம் அந்தக் கொதிப்பில் பிறந்தது. லாரன்ஸ் குடும்பத்தின் போராட்டம் இந்த நெடிய நினைவின் மீதுதான் எழுந்து நின்றது.

நாளேடுகளின் பங்கு சிக்கலானது. தொடக்கத்தில் கொலை உரிய கவனம் பெறவில்லை. 1993 மே மாதம் இனவாத எதிர்ப்பு ஊர்வலம் மோதலில் முடிந்தபோது, பார்வை கொலையாளிகளை விட்டுப் போராடியவர்கள் பக்கம் திரும்பியது. அந்நாளில் போராட்டக் குழுக்களைச் சாடிய ஏடுகளுள் ‘டெய்லி மெயி’லும் ஒன்று. 1997 பிப்ரவரியில் அதே ஏடு தலைகீழாகத் திரும்பியது. இறப்பு விசாரணையில் ஐயத்துக்குரிய ஐவரும் பதில் சொல்ல மறுத்தனர். வெள்ளையின இளைஞர் ஐவரின், எவ்விதத் தூண்டுதலுமற்ற இனவெறித் தாக்குதலால் ஸ்டீபன் கொல்லப்பட்டார் என ஜூரிகள் தீர்ப்புரைத்தனர். மறுநாள், பிப்ரவரி 14 அன்று, ஐவரின் படங்களையும் வெளியிட்டு ‘கொலைகாரர்கள்’ எனத் தலைப்பிட்ட ‘டெய்லி மெயில்’, தவறென்றால் தன்மீது வழக்குத் தொடுக்குமாறு அறைகூவியது. எவரும் தொடுக்கவில்லை.

அந்தத் தலைப்பு பல கதவுகளைத் திறந்தது என்பதை மறுக்க இயலாது. ஆயினும் அது எழுப்பும் கேள்விகள் கசப்பானவை. நெவில் லாரன்ஸ் அந்த ஏட்டின் ஆசிரியர் வீட்டில் முன்பு சுவர்ப்பூச்சு வேலை செய்தவர். அந்தப் பரிச்சயம் இல்லாதிருந்தால் என்னவாகியிருக்கும்? ஸ்டீபன் நன்றாகப் படிக்கும், எந்தக் குற்றப்பதிவும் இல்லாத மாணவர். சற்றே கரடுமுரடான வாழ்வுடைய ஒருவருக்கு அதே முதற்பக்கம் கிடைத்திருக்குமா? நீதிமன்றம் செய்யத் தவறியதை நாளேடு செய்யுமானால், யாருக்காகச் செய்வது என்பதையும் நாளேடே தீர்மானிக்கிறது. 2022இல் டோரீன் லாரன்ஸ், முறைகேடாகத் தகவல் திரட்டியதாக அந்த ஏட்டின் நிறுவனத்தின் மீதே வழக்குத் தொடுத்தார் என்பதும், நிறுவனம் அதை மறுத்தது என்பதும் இவ்வரலாற்றின் பிற்சேர்க்கை.

சட்டத்தின் பாதை இதைவிடக் கரடானது. 1993 ஜூலையில் சான்று போதவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கைக் கைவிட்டது. குடும்பமே தன் பொறுப்பில் தொடுத்த குற்ற வழக்கும் 1996 ஏப்ரலில் சரிந்தது. புரூக்ஸின் அடையாளச் சாட்சியத்தை நீதிபதி ஏற்க மறுத்தார், மூவர் விடுதலையாயினர். புதிய அரசின் உள்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா 1997இல் சர் வில்லியம் மெக்பெர்சன் தலைமையில் விசாரணைக்கு ஆணையிட்டார். 1999 பிப்ரவரி 24 அன்று அறிக்கை வெளியானது. தொழில்முறைத் திறமையின்மை, நிறுவனமயமான இனவாதம், தலைமையின் தோல்வி ஆகிய மூன்றையும் அது குற்றங்களாக அடுக்கியது; 70 பரிந்துரைகளை முன்வைத்தது.

‘நிறுவனமயமான இனவாதம்’ என்பது அவ்வறிக்கை கண்டுபிடித்த தொடரன்று. கறுப்பின அரசியல் பல ஆண்டுகளாகப் பேசிவந்த தொடர். அரசின் அறிக்கையில் அது ஏறியதுதான் புதிது. கெட்ட காவலர் ஒருவரைச் சுட்டிக்காட்டித் தப்பும் வழியை அது அடைத்தது. இன்னொரு பரிந்துரை அதனினும் ஆழமானது: பாதிக்கப்பட்டவரோ வேறு எவரோ இனவாத நிகழ்வெனக் கருதும் எதுவும் அவ்வாறே பதிவுசெய்யப்பட வேண்டும். ஒரு நிகழ்வுக்கு முதற்பெயர் சூட்டும் உரிமை அன்றுவரை நடைமுறையில் பெரும்பாலும் காவலரிடமே இருந்தது. ‘சண்டை’ என்று ஓர் அதிகாரி கருதிய அந்த இரவுக்கான நேரடி மறுமொழி இது.

அறிக்கையின் வழியே சட்டங்களும் மாறின. 2000ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் காவல்துறையை இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்கலாகாது என்னும் பழைய விதி, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் கொடுங்குற்றங்களுக்குத் தளர்த்தப்பட்டது. 1993இல் கைப்பற்றிக் காவல்துறை வசமிருந்த உடைகள் மீண்டும் ஆராயப்பட்டன. மேலங்கியின் கழுத்துப்பட்டையில் கண்ணுக்குப் புலப்படாத அளவில் ஸ்டீபனின் இரத்தம் இருந்தது. 2012 ஜனவரியில் இருவர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் 1996இல் விடுவிக்கப்பட்டவர்.

ஆயினும் கணக்கு முடியவில்லை. குடும்பத்தின் போராட்டக் களத்துக்கு அருகே காவல்துறை உளவாளி ஒருவர் இருந்ததை 2014இல் எல்லிசன் ஆய்வறிக்கை உறுதிசெய்தது. ஐயத்துக்குரிய மற்றவர்கள் தண்டிக்கப்படாத நிலையிலேயே 2020இல் புலனாய்வு நிறுத்தப்பட்டது. 2023இல் கேசி அறிக்கை, லண்டன் காவல்துறையில் நிறுவனமயமான இனவாதம் நீடிக்கிறது என்று மீண்டும் எழுதியது. அதே தொடர், 24 ஆண்டுகள் கழித்து.

ஆண்டுதோறும் ஏப்ரல் 22 பிரிட்டனில் ஸ்டீபன் லாரன்ஸ் நாளாக நினைவுகூரப்படுகிறது. வெல் ஹால் சாலையில் அவர் வீழ்ந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் பதிக்கப்பட்டிருக்கிறது. அது பலமுறை சிதைக்கப்பட்டது, மெக்பெர்சன் அறிக்கை வெளியான சில நாட்களுக்குள்ளேயே அதன்மீது வண்ணம் ஊற்றப்பட்டது. லண்டனில் புதைத்தால் கல்லறையையும் விட்டுவைக்க மாட்டார்கள் என்று பெற்றோர் அஞ்சினர். லண்டனில் பிறந்து, லண்டனில் கட்டடங்கள் எழுப்பக் கனவுகண்ட ஸ்டீபனின் உடல், பெற்றோரின் பிறந்த நாடான ஜமைக்காவின் மண்ணில் உறங்குகிறது.