மீன் மாதிரி ஒரு கப்பல்

நீர்மூழ்கிக் கப்பல் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரை எதையாவது புரட்டிப் பார்த்தீங்கன்னா அதில் ஒரு படம் நிச்சயம் இருக்கும். சுருட்டு மாதிரி நீளமா ஒரு உடல். அது மேல சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம்னு ஹோலி கொண்டாடின மாதிரி வண்ணங்கள். சிவப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரின் அழுத்தம் அதிகம், நீலம் இருக்கும் இடத்தில் குறைவு. கணினி கணக்குப் போட்டு வரைந்த படம் இது. இந்த வித்தைக்கு சி.எஃப்.டி. என்று பெயர், அதாவது கம்ப்யூட்டேஷனல் ஃப்ளூயிட் டைனமிக்ஸ். ஓப்பன்ஃபோம் மாதிரி இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டு ஒரு கல்லூரி மாணவர்கூட இந்தப் படத்தைப் போட்டுவிடலாம்.

படம் அழகா இருக்கு, சரி. அதை எந்த தைரியத்தில் நம்புவது? இதுக்கு விடை தேடிப் போனால் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை ஒன்று வருகிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் மீன், அப்புறம் படகு

ஜான் ஹாலந்து அயர்லாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் போனவர். பள்ளிக்கூட வாத்தியார். அவர் வடிவமைத்த நீர்மூழ்கியை அமெரிக்கக் கடற்படை 1900இல் வாங்கி அவர் பெயரையே வைத்தது. சுமார் 16 மீட்டர் நீளம். நடுவில் உப்பலா, வால் பக்கம் குறுகி, பின்னால் ஒரே ஒரு சுழலி. பார்த்தால் கடல்பன்றி ஞாபகம் வரும்.

வேடிக்கை என்னன்னா, அதுக்கப்புறம் நாற்பது வருஷத்துக்கு இந்த உருவத்தைக் கிட்டத்தட்ட எல்லாரும் கைவிட்டுட்டாங்க. காரணம் முட்டாள்தனம் இல்லை, எஞ்சின். டீசல் எஞ்சினுக்குக் காற்று வேணும். தண்ணிக்கு அடியில் ஓட பேட்டரி மட்டும்தான், அது சீக்கிரம் தீர்ந்துபோகும். அதனால் அந்தக் காலத்து நீர்மூழ்கிகள் பெரும்பாலான நேரம் மேலேதான் மிதந்து போகும், தேவைப்பட்டால் மட்டும் முங்கும். மேலே அலையைக் கிழிக்க கூர்மையான முகப்பு, நடக்க மேல்தளம், அதன் மேல் பீரங்கி, சுத்திலும் கம்பி என்று அது ஒரு சாதாரணப் படகின் உருவத்துக்கு வந்துவிட்டது.

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி அதிகமாகக் கட்டிய ஏழாம் வகை யு-போட் தண்ணிக்கு மேலே மணிக்கு சுமார் 32 கி.மீ. போகும். அடியில் 14 கி.மீ.தான். சைக்கிளில் வேகமா மிதிக்கிற ஆள் அதை முந்திடுவார். நேச நாடுகளிடம் ரேடாரும் நீண்டதூர விமானங்களும் வந்ததும் மேலே வந்தால் அடி, கீழேயே இருந்தால் நகர முடியாது என்ற நிலை. 1943 மே மாதம் மட்டும் 41 யு-போட்டுகள் போயின. யு-போட்டுகளில் கடலுக்குப் போன சுமார் 40,000 பேரில் கிட்டத்தட்ட 30,000 பேர் திரும்பவில்லை.

பிறகுதான் ஜெர்மனி இருபத்தொன்றாம் வகையைக் கொண்டுவந்தது. பீரங்கியைத் தூக்கிட்டு, உடம்பை வழவழப்பாக்கி, பேட்டரியை மூணு மடங்காக்கினாங்க. அடியில் 32 கி.மீ. வேகம், மேலே போவதைவிட அதிகம்! ஆனால் காலம் கடந்துவிட்டது. போர் முடிவதற்குள் இரண்டே இரண்டு படகுகள்தான் போர் ரோந்துக்குக் கிளம்பின. ஜெயித்த நாடுகள் அந்தப் படகுகளைக் கொண்டுபோய்ப் பிரித்துப் படித்தன.

தொட்டியில் கிடைத்த விடை

உருவத்தை மாத்தணும் என்பது தெரிஞ்சாச்சு. எந்த உருவம்?

கப்பலின் மாதிரியைத் தொட்டியில் இழுத்துப் பார்க்கும் முறையை ஒழுங்குபடுத்தியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட். 1870களின் தொடக்கத்தில் டார்க்கி என்ற ஊரில் தன் வீட்டுப் பக்கத்திலேயே நீளமான தொட்டி கட்டினார். கப்பலுக்குத் தண்ணீர் கொடுக்கும் எதிர்ப்பில் இரண்டு பகுதி உண்டு: ஒன்று அலையை எழுப்புவதால் வருவது, இன்னொன்று உடம்பின் மேல் தண்ணீர் உரசுவதால் வருவது. இரண்டும் அளவு மாறும்போது ஒரே மாதிரி மாறாது, தனித்தனியாகக் கணக்குப் போடணும் என்று காட்டினார். 

ஆழத்தில் போகும் நீர்மூழ்கி அலை எழுப்பாது. உரசலும் உருவமும்தான் மிச்சம். ஆனால் அங்கேதான் சிக்கல். 100 மீட்டர் நீர்மூழ்கி நொடிக்கு 10 மீட்டர் போகுதுன்னு வைங்க. அதன் உரசலை 5 மீட்டர் மாதிரியில் அப்படியே பார்க்கணும்னா, மாதிரியை நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் தண்ணிக்குள்ள இழுக்கணும். அதாவது மணிக்கு 720 கி.மீ. நடக்கிற காரியமா? ஆகவே கிடைக்கிற வேகத்தில் அளந்து, அங்கிருந்து பெரிய கப்பலுக்குக் கணக்கை நீட்டிக்கொள்வார்கள். இந்த 'நீட்டிக்கொள்வது' என்ற வார்த்தையை ஞாபகம் வைங்க, திரும்ப வரும்.

அமெரிக்காவில் டேவிட் டெய்லர் மாதிரித் தொட்டியில் மார்ட்டன் கெர்ட்லர் என்பவர் 24 உருவங்களை வரிசையாகச் செய்து இழுத்துப் பார்த்து 1950இல் அறிக்கை கொடுத்தார். தொடர் 58 என்று அதுக்குப் பெயர். விஷயம் ஒரு தராசு மாதிரி. உள்ளே இருக்கும் இடத்தை மாற்றாமல் உடம்பை ஒல்லியா நீளமாக்கினால் தோலின் பரப்பு கூடும், உரசல் கூடும். குண்டாக்கினால் தண்ணீர் பின்பக்கம் ஒட்டாமல் பிய்த்துக்கொண்டு போகும், பின்னாலிருந்து யாரோ இழுக்கிற மாதிரி ஆகும். இரண்டுக்கும் நடுவில், நீளம் குறுக்களவைப்போல் ஏழு மடங்குக்குப் பக்கத்தில் இருந்தால் எதிர்ப்பு குறைவு. கிடைத்தது என்ன உருவம்? ஏறக்குறைய ஒரு மீன் :-)

கடலே சோதனைச்சாலை

இதை நம்பி ஒரு முழுக் கப்பலையே கட்டினாங்க. பெயர் ஆல்பகோர், சூரை மீன் வகையில் ஒன்றின் பெயர். கட்டுவதற்கு முன் 1950இல் அதன் பெரிய மாதிரி ஒன்றை விர்ஜீனியாவின் லாங்லியில் இருந்த விமானக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். அலை இல்லை என்று ஆனபிறகு காற்றென்ன, தண்ணியென்ன? அந்தச் சூத்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

1953இல் கடலுக்கு வந்த ஆல்பகோரில் ஆயுதம் கிடையாது. சுமார் 62 மீட்டர் நீளம், 8 மீட்டர் குறுக்களவு. ஏறக்குறைய இருபது வருஷம் அதைக் கிழித்துத் தைத்துக்கொண்டே இருந்தார்கள். வால் துடுப்புகளைச் சுழலிக்குப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்தார்கள், பிறகு கூட்டல் குறியைப் பெருக்கல் குறியாகத் திருப்பினார்கள். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும் இரட்டைச் சுழலி போட்டார்கள். குண்டுவீச்சு விமானத்தின் பாராசூட்டைப் பிரேக்காக விரித்தும் பார்த்தார்கள்! 1960களின் நடுவில் வேகம் 33 நாட், அதாவது மணிக்கு 61 கி.மீ.

வேகத்தோடு ஒரு புது ஆபத்தும் தெரிந்தது. வேகமாகத் திரும்பும்போது, முதுகில் நிற்கும் கோபுரத்தின் மேல் தண்ணீர் சாய்வாக அடித்துக் கப்பலைச் சட்டென்று ஒரு பக்கம் உருட்டிவிடும். நேராகப் போகும் மாதிரியை மட்டும் இழுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

1959இல் இந்த உருவமும் அணு உலையும் சேர்ந்து ஸ்கிப்ஜாக் பிறந்தது. காற்றுக்காக மேலே வரவேண்டிய கட்டாயம் போனதும் ஹாலந்தின் மீன் உருவம் திரும்பி வந்தது. இதில் எதையும் கணினி கண்டுபிடிக்கவில்லை என்பதைக் கவனிக்கணும்.

அப்ப கணினி என்னதான் செய்யுது?

கப்பலைச் சுற்றியுள்ள தண்ணீரைக் கோடிக்கணக்கான குட்டிக் கட்டங்களாக வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே வந்த தண்ணீரும் வெளியே போன தண்ணீரும் சரியா, தள்ளும் விசைக்கு ஏற்ப வேகம் மாறுதா என்று பார்க்கும். கணக்கு ஒத்துவரும் வரை திரும்பத் திரும்பப் போடும். சூத்திரம் நாவியே, ஸ்டோக்ஸ் இருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே கொடுத்தது.

தொல்லை கொடுப்பது கொந்தளிப்பு. உடம்பை ஒட்டி ஓடும் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத சுழல்கள் ஏராளம். அத்தனையையும் முழு அளவுக் கப்பலுக்குக் கணக்கிட எந்தக் கணினியாலும் முடியாது. அதனால் சுழல்களின் மொத்த விளைவுக்கு ஒரு தோராயச் சூத்திரம் வைத்துக்கொள்கிறார்கள். 1970களில் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் லாண்டரும் ஸ்பால்டிங்கும் பிரபலப்படுத்திய கே-எப்சிலான் முறை அப்படிப்பட்டது. அதில் 0.09 என்று ஒரு எண் வரும். அது எங்கிருந்து வந்தது? யாரோ ஆய்வுக்கூடத்தில் ஓட்டத்தை அளந்து வந்தது. ஆக, மென்பொருளின் வயிற்றுக்குள்ளேயே பழைய சோதனைகள் உட்கார்ந்திருக்கின்றன.

கட்டப்படாத கப்பல்

சரி, கணக்கு சரியான்னு எப்படிப் பார்ப்பது? நிஜ நீர்மூழ்கியோடு ஒப்பிடலாம். ஆனால் எந்த நாடு கொடுக்கும்? உருவமே ராணுவ ரகசியம். பின்னால் சுழலிக்குள் நுழையும் தண்ணீர் சீராக இல்லையென்றால் சத்தம் வரும், சத்தம் வந்தால் எதிரிக்குக் கேட்கும். அதனால் வால் பக்கத்து அளவுகளை யாரும் மூச்சுவிட மாட்டார்கள்.

இதுக்கு அமெரிக்காவின் டார்ப்பா ஒரு வழி செய்தது. எங்கேயும் கட்டப்படாத ஒரு நீர்மூழ்கியின் உருவத்தைச் சமன்பாடுகளாகவே 1989இல் வெளியிட்டாங்க. பெயர் சப்ஆஃப். மாதிரியின் நீளம் 4.356 மீட்டர், குறுக்களவு 0.508 மீட்டர். அதைத் தொட்டியில் இழுத்து, காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்த எண்களும் வெளியே வந்தன. அன்றிலிருந்து பல நாட்டு மாணவர்கள் இந்த இல்லாத கப்பலைத் தங்கள் மென்பொருளில் ஓட்டி, விடை ஒத்துப்போகுதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேராகப் போகும்போது எதிர்ப்பு எவ்வளவு என்பதில் கவனமாகச் செய்த கணக்கு சில சதவீத வித்தியாசத்தில் ஒத்துப்போகும். திரும்பும்போது கோபுரத்திலிருந்து கிளம்பும் சுழல், வாலுக்கு வந்து சேரும் கலங்கிய ஓட்டம், இதெல்லாம் இன்னும் கஷ்டம். அது மட்டுமில்லை, 4 மீட்டர் மாதிரிக்கு ஒத்துப்போன கணக்கு 100 மீட்டர் கப்பலுக்கும் பொருந்தும் என்பது மறுபடி அதே 'நீட்டிக்கொள்வது'தான். ஃப்ரூட் காலத்துப் பிரச்சனை கணினிக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

இதனால் மென்பொருள் வீண் என்று ஆகாது. கெர்ட்லர் 24 மாதிரி செய்ய மரமும் ஆளும் மாதக்கணக்கும் வேணும். கணினியில் நூறு உருவத்தை ஓட்டிப் பார்த்து, தேறின மூன்றை மட்டும் தொட்டிக்கு அனுப்பலாம். தொட்டியில் கண்ணுக்குத் தெரியாத சுழல் எங்கே பிறக்குது என்றும் காட்டும்.

அடுத்த தடவை அந்த வண்ணப் படத்தைப் பார்த்தீங்கன்னா, கொஞ்சம் கீழே போய்ப் பாருங்க. அளந்த புள்ளிகளையும் கணக்கிட்ட கோட்டையும் ஒன்றாகப் போட்டு, அழுக்கா, கறுப்பு வெள்ளையில் ஒரு வரைபடம் இருக்கா? இருந்தால் மேலே உள்ள படத்தை ரசிக்கலாம்.